கம்பெனி மடியில் காதுகுத்து

சிங்காநல்லூர் தாண்டி ஒரு மோட்டார் பம்ப்புக் கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அதையும் விளம்பரம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டச் சொல்லுவார்கள். அங்கே வைண்டிங் செக்‌ஷனில் கதிரேசன் வேலை பார்த்தான். மோட்டாருக்குள் செப்புக் கம்பி சுற்றுகிற வேலை. கம்பி சுற்றுவான், டீ குடிப்பான், மறுபடி கம்பி சுற்றுவான், வீட்டுக்குப் போவான். இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த மனுசனைத்தான், அவனுக்குக் கம்பெனி மேல் ஈடுபாடு பத்தவில்லை என்று கண்டுபிடித்தார்கள்.

கண்டுபிடித்தவர்கள், கம்பெனிகளுக்கு ஈடுபாட்டு மார்க் போட்டு அவார்டு கொடுக்கிற பெங்களூர்க்காரர்கள். எல்லார் செல்போனுக்கும் ஒரு கேள்வி அனுப்பினார்கள். ‘காலையில் எழுந்ததும் வேலைக்கு வர உங்கள் மனம் துள்ளுகிறதா?’ வைண்டிங் செக்‌ஷனில் கூரைத் தகரம் காய்ந்து தலைக்குள் இறங்கும். வார்னிஷ் நாற்றம் தொண்டையில் நிற்கும். இருந்த ஃபேன்களில் ஓடுவது ஒன்று, அதுவும் சூப்பர்வைசர் நாற்காலிக்கு நேராக. கதிரேசன் உள்ளதைச் சொன்னான். துள்ளவில்லை என்றான். பக்கத்து மேசை பீர் முகம்மதும் அதையே சொன்னார். ஏறக்குறைய எல்லாரும் அதையே சொல்லியிருந்தார்கள்.

அறிக்கையைப் பார்த்து எம்.டி. அரங்கசாமிக்கு மனசு ஒடிந்துபோனதாகப் பேச்சு. ஃபேன் மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. ஈடுபாட்டு அதிகாரி என்று ஒரு பதவி உண்டாக்கி, நவ்யா என்கிற பெண்ணை அதில் உட்கார வைத்தார்கள். அவள் அறைக்கு ஏ.சி. மாட்டினார்கள்.

நவ்யா வந்ததும் முதல் வேலையாக, காலையில் மெஷினைப் போடும் முன் ஒருவரைப் பார்த்து ஒருவர் கைதட்ட வேண்டும் என்றாள். எதற்கு என்று பீர் முகம்மது கேட்டார். “எதுக்குன்னு கேக்காமத் தட்டறதுதாங்கண்ணா ஈடுபாடு” என்றாள். அடுத்து, வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். அவரவர் பேருக்கு நேராகச் சிரித்த மூஞ்சியோ அழுத மூஞ்சியோ ஒட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். அழுத மூஞ்சி ஒட்டினவர்களை ஷிப்ட் முடிந்ததும் உட்கார வைத்து, ஏன் அழுதாய் என்று விசாரித்தார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவர்கள் மறுநாள் சிரித்த மூஞ்சி ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் அழுத மூஞ்சிக்கு ஆளே இல்லை. தேவையில்லை என்று அந்த ஸ்டிக்கர் டப்பாவையே எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் கவலை ஒழிந்துவிட்டது என்று எம்.டி.க்கு மெயில் போனது.

அதோடு விட்டார்களா? தொழிலாளி என்கிற சொல்லை எடுத்தார்கள். இனிமேல் எல்லாரும் உறவு. நோட்டீஸ் போர்டில் ‘உறவு கதிரேசன்’, ‘உறவு பீர் முகம்மது’ என்றே எழுதினார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் தூரத்து உறவு. ஓவர்டைம் கேட்டால், சொந்த வீட்டு வேலைக்கு யாராவது கூலி கேட்பார்களா என்றார்கள். வேலையை விட்டு அனுப்புவதற்கும் புதுப்பேர் வந்தது. தனிக்குடித்தனம். கேண்டீன் மாசாணம் சோற்றில் கல் கிடக்கிறது என்று சத்தமாகச் சொல்லிப்போட்டார். அந்த வாரமே அவரைத் தனிக்குடித்தனம் வைத்தார்கள். எல்லாரும் வரிசையில் நின்று கைதட்டி அனுப்பினார்கள்.

கதிரேசன் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். கைதானே, தட்டினால் தேயவா போகிறது என்று இருந்துகொண்டான். அவன் பொறுக்க முடியாத இடம் ஒன்று வந்தது.

அவன் தங்கச்சி சாந்தாமணியைக் காங்கேயத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை திருமூர்த்திக்குத் தேங்காய்க்களம். பருப்பு உலர்த்தி எண்ணெய் மில்லுக்குப் போடுகிறவர். வாயில் சர்க்கரையும் நாக்கில் அரமும் உள்ள மனுசன். சாந்தாமணியின் மூத்த பையன் சபரீஷுக்குக் காது குத்தினபோது கதிரேசன் போகவில்லை. குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடி. அந்த மடி அன்றைக்குக் கம்பெனியின் உற்சாக வாரத்தில் சாக்குக்குள் நின்று குதித்துக்கொண்டிருந்தது. லீவு தரவில்லை. கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தனை உட்கார வைத்துக் குத்தினார்கள். ஊர் முழுக்க, கூடப்பிறந்த மாமன் எங்கே என்று கேட்டது. திருமூர்த்தி அதிலிருந்து கதிரேசன் வீட்டுப்படி மிதிக்கவில்லை.

இப்போது சின்னவள் ரித்திகாவுக்கு நாள் குறித்திருந்தார்கள். சாந்தாமணி போனில் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“அப்பனும் ஆத்தாளும் போயிட்டாங்க. எனக்குப் பொறந்த ஊடுன்னா நீ ஒருத்தன்தான் அண்ணா. இந்தத் தாட்டியும் நீ வரலீன்னா, அப்படி ஒரு ஊடே இல்லீன்னு முடிவு பண்ணிக்கறேன். அப்பறம் நல்லது கெட்டது எதுக்கும் எனக்குச் சொல்லியுட வேண்டாம்.”

குறித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறுதான் கம்பெனியில் குடும்ப தினம் என்று நவ்யா அறிவித்தாள். வராத உறவுகள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் கீழே போட்டிருந்தது.

கதிரேசன் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். மேனேஜர் மோகன்குமார் அறைக்குப் போனான். வெறுங்கையோடு போய் லீவு கேட்டால் மரியாதையாக இருக்காதே.

“தங்கச்சி புள்ளைக்குக் காது குத்தறமுங் சார். நீங்க குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுமுங்.”

இது எல்லாரும் எல்லாரிடமும் சொல்லுகிற பேச்சு. தபால்காரரிடமும் சொல்லுவார்கள், பால்காரரிடமும் சொல்லுவார்கள். வருகிறவர்கள் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போவார்கள். எவரும் வந்து எதையும் நடத்திக் கொடுத்ததில்லை. மோகன்குமார் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவருக்கு இது தெரியாமல் இல்லை.

“அன்னைக்குக் குடும்ப தினமாச்சே கதிரேசா.”

“அதுக்குத்தானுங் சார் லீவு கேக்க வந்தேன். எம்பட குடும்பத்துல விசேசமுங்.”

“ஒரு மனுசனுக்கு எத்தனை குடும்பம்யா?” மோகன்குமார் கண்ணாடியைக் கழற்றினார். “குடும்ப தினத்தன்னைக்குக் குடும்பத்துக்குப் போவோணும்னு லீவு கேட்ட மொத ஆளு நீதான். இதை மேல சொன்னா எப்படி இருக்கும்? நமக்கு அவார்டு வர்ற நேரம். பெங்களூர்க்காரங்க நேர்ல வந்து பாக்கறாங்க.”

“தாய்மாமன் மடிங் சார். நானில்லாம ஆவாதுங்.”

மோகன்குமார் பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தார். பாதி தின்னும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது வந்தால் யாருக்கோ கேடு என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

“எங்களை வந்து நடத்திக் குடுக்கச் சொன்னியா, இல்லியா?”

“சொன்னனுங்.”

“நடத்திக் குடுத்தர்றோம். நீ போ.”

மறுநாள் காலை நோட்டீஸ் போர்டில் இப்படி இருந்தது: ‘உறவு கதிரேசன் அவர்களின் அன்பு வேண்டுகோளை ஏற்று, அவர் தங்கை மகளின் காதணி விழாவை நமது கம்பெனியே குடும்ப தின மேடையில் நடத்துகிறது. அனைவரும் கைதட்டவும்.’ எல்லாரும் தட்டினார்கள். கதிரேசனும் தட்டினான். கை பழகிப்போயிருந்தது.

அன்று சாயங்காலமே காங்கேயம் பஸ் ஏறினான். திருமூர்த்தி களத்தில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். கதிரேசன் நின்றபடியே சொல்லி முடித்தான். சாந்தாமணி ஒரு ஓரமாகக் குத்த வைத்து உட்கார்ந்தாள். திருமூர்த்தி கிளறுகிற பலகையைக் கீழே வைத்தார்.

“ஏனுங் மச்சான், கொலதெய்வம் கோயல்ல மண்டபம் சொல்லிப்போட்டமே. சாமிகிட்ட என்னன்னு சொல்றது? இந்தத் தாட்டி நீ பம்ப்புக் கம்பெனிக்கு வந்துரு சாமின்னு சொல்றதுங்களா?”

“லீவு போட்டா வேலையை உட்டுத் தூக்கிருவாங்க மாப்பிள்ளை. கடன்ல ஊடு கட்டீட்டு நிக்கறேன்.”

“அதெல்லாம் எனக்கெதுக்குங்.” அவர் சாந்தாமணியைப் பார்த்தார். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டு மனுசன் குரல் ஒரு படி இறங்கியது. “மாமன் மடி எங்க இருக்குதோ அங்கதான காது குத்தோணும். மடி கம்பெனில அடமானத்துல கெடக்குதுன்னா அங்கயே வாரமுங். அந்தக் கம்பெனியையும் ஒருக்காப் பாத்துப்போடலாம். ஆனா உங்க மடிதான். அதுல வேற ஆரும் வந்து உக்காரப்படாது. போன தாட்டி பட்டது போதும்.”

“என்ர மடிதான் மாப்பிள்ளை. சத்தியமா.”

அந்தச் சத்தியத்தைக் கம்பெனியிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு, பலூன் கட்டி, மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை வைத்திருந்தார்கள். பந்தலுக்குள் உட்கார்ந்தவர்களைக் கேமரா பிடித்து, நூற்றுக்கு எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று அந்தத் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. பெங்களூர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். எண் இறங்கினால் நவ்யா மைக்கில், “உறவுகளே, பல்லு தெரியட்டும்” என்பாள். ஏறும்.

காங்கேயத்திலிருந்து வேன் வந்தது. இறங்கினவர்கள் கழுத்தில் ஆளுக்கொரு அட்டை மாட்டினார்கள். ‘உறவின் உறவு’ என்று போட்டிருந்தது. திருமூர்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லதுங். இல்லீன்னா நாங்க ஆருன்னு எங்களுக்கே மறந்துபோயிருக்கும்” என்றார்.

மேடையில் பலகை போட்டு, கண்ணையா ஆசாரி ஊசியும் தோடும் எடுத்துவைத்தார். கதிரேசன் புதுவேட்டியோடு பலகைக்குப் போனான். நவ்யா குறுக்கே கை நீட்டினாள்.

“நீங்க இல்லீங்கண்ணா. எம்.டி. சார் உக்காருவாரு. நீங்க பின்னால நின்னு கைதட்டறீங்க. போட்டோவுல உங்க கை மட்டும் வரும்.”

“அம்மணி, நான்தான் மாமன்.”

“கம்பெனியே மாமன்ங்கறதுதாங்கண்ணா கான்செப்ட்.”

கதிரேசன் மோகன்குமாரைத் தேடினான். அவர் வேறு பக்கம் பார்த்தார். அதற்குள் அரங்கசாமி பட்டு வேட்டியில் வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ சாந்தாமணி கையிலிருந்த குழந்தையை வாங்கி அவர் மடியில் வைத்தார்கள். ஃபிளாஷ் அடித்தது. சாந்தாமணி மேடைக்குக் கீழே நின்று அண்ணனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். எதிர்பார்த்ததுதான் என்பதுபோல் பார்த்தாள்.

எம்.டி. மைக்கை வாங்கினார்.

“எனக்குத் தூக்கமே வரலீங்க. கம்பெனி லாபம் ஏறீட்டே இருக்குது, உங்க ஈடுபாடு ஏற மாட்டீங்குது. நான் என்ன கொறை வெச்சேன்? ஃபேன் கேட்டீங்க. ஃபேன் ஆரு கேப்பா? தொழிலாளி கேப்பான். சொந்தக்காரன் கேப்பானா? சொந்தக்காரன் வேர்த்தா, வெளிய தெரியாமத் தொடச்சுக்குவான். அந்த மனசு வேணும். நான் குடுக்கற சம்பளம் உங்க வேலைக்கில்லீங்க, உங்க அன்புக்கு. அதனாலதான் கம்மியா இருக்குது. அன்பைப் பணத்துல அளக்க முடியுங்களா? இன்னைக்குச் சொல்றேன். இந்தக் கொழந்தைக்கு மட்டுமில்ல, உங்க எல்லாத்து கொழந்தைகளுக்கும் இனி நான்தான் தாய்மாமன்.”

நவ்யா கையை உயர்த்தினாள். பந்தல் தட்டியது. திரையில் எண் ஏறியது.

திருமூர்த்தி மேடையேறினார். குழந்தையின் அப்பன் என்பதால் யாரும் தடுக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார்.

“மச்சானுக்குக் கும்பிடுங்க.”

எம்.டி. திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“என்ர புள்ளைக்கு மாமன்னா எனக்கு மச்சான்தானுங்களே. இம்புட்டுப் பெரிய எடத்துல சம்பந்தம் அமையும்னு நெனச்சுக்கூடப் பாக்கலீங் மச்சான். சரி, நேரமாவுது. மாமன் சீர்த்தட்டு எங்கீங்க?”

நவ்யா ஓடிப்போய் ஒரு பையைக் கொண்டுவந்தாள். உள்ளே கம்பெனிப் பேர் போட்ட தண்ணீர் பாட்டில், பெரிய ஆள் போடுகிற பனியன், பம்ப்பு வாங்கினால் தள்ளுபடி தருகிற சீட்டு. திருமூர்த்தி ஒவ்வொன்றாக எடுத்துச் சபைக்குக் காட்டினார்.

“பரவால்லீங் மச்சான். மனசுதான் முக்கியம். மத்ததைச் சடங்குச் சீருலயும் கல்யாணச் சீருலயும் சேத்திப் பாத்துக்கலாமுங். எங்கீங்க போயிரப் போறீங்க? இப்பக் காது குத்தி முடிஞ்சதும் மாமன் ஊட்டு விருந்து. ரேஸ்கோர்ஸுலதானுங்களே ஊடு? வேன் தயாரா நிக்குது. ஒறவு ஒரம்பரை அத்தனை பேரும் இப்பவே வந்தர்றோம். உங்க ஊட்டுக்காரம்மா, எங்க தங்கச்சிகிட்ட ஒலை வெக்கச் சொல்லிப்போடுங்க.”

பந்தலுக்குள் யாரோ நிஜமாகவே சிரித்தார்கள். பீர் முகம்மது எழுந்தார். “எங்க புள்ளைகளுக்கும் மாமன்னு சொன்னீங்களே. அப்ப நாங்களும் வரலாமுங்களா மச்சான்?” அவருக்குப் பின்னால் வைண்டிங் செக்‌ஷன் எழுந்தது. தூரத்து உறவுகளும் எழுந்தார்கள். திரையில் எண் என்றைக்கும் இல்லாத உயரத்துக்குப் போனது. பெங்களூர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“ஊட்டுக்கா?” எம்.டி. மைக் இல்லாமலே கத்தினார். “ஊட்டுக்கெல்லாம் எதுக்குங்க? கம்பெனிதான் குடும்பம். ஊடு வேற. ஊடு பிரைவேட்.”

சொல்லிக்கொண்டே குழந்தையைப் பலகையில் இறக்கிவைத்துவிட்டு எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கினார். கதிரேசன் யாரையும் கேட்கவில்லை. அந்தப் பலகையில் போய் உட்கார்ந்து குழந்தையை மடியில் எடுத்தான். கண்ணையா ஆசாரி ஒரு காதைக் குத்தினார்.

குழந்தை வீறிட்டது. காங்கேயத்துப் பெண்கள் முகம் சுருங்கியது. திரையில் எண் மளமளவென்று இறங்கியது. நவ்யா ஓடிவந்தாள்.

“அண்ணா, அழுவை நிக்கட்டும். இன்னொரு காது அப்பறமாப் பாத்துக்கலாம். பெங்களூர் ஆளுங்க எண்ணை எழுதறாங்க.”

“ஒரு காதோட எப்படி உடறது அம்மணி?” என்றான் கதிரேசன்.

மோகன்குமார் மைக்கில் வந்தார். “காதணி விழா இனிதே நிறைவுற்றது. நேரம் முடிஞ்சுது. அடுத்து கயிறு இழுக்கற போட்டி.”

“நல்ல நேரம் இன்னும் இருக்குதுங் சார்.”

“நல்ல நேரம் இருக்கலாம். நிகழ்ச்சி நேரம் முடிஞ்சுது. எந்திரி.”

இரண்டு பேர் பலகையின் ஒரு முனையைத் தூக்கினார்கள். கயிறு வந்துவிட்டது. கதிரேசன் எழுந்தான். ஒரு காதில் தோடும் ஒரு காது வெறுமையுமாக அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். தங்கச்சியிடம், “வா சாமி” என்றான். அவள் வந்தாள். ஆசாரி ஊசியைப் பிடித்தபடியே வந்தார். வேன் சனம் மொத்தமும் பின்னால் வந்தது.

கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டினார். “பாஸ் வேணுமுங்க. குடும்ப தினம் முடியறதுக்குள்ள குடும்பத்தைக் கூட்டீட்டுப் போவக் கூடாதுன்னு ஆர்டர்.”

கதிரேசன் தன் கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தான். அதற்குமேல் கேட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. அதில் உட்கார்ந்தான். டீ மாஸ்டர் பாய்லரை விட்டு வந்து, குழந்தைக்கு வெயில் படாமல் நின்றுகொண்டார். உள்ளே கயிறு இழுக்கிற சத்தம் கேட்டது. ஆசாரி அடுத்த காதைக் குத்தினார். ரித்திகா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மனசார அழுதாள். சிரிக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சாந்தாமணி அப்போதுதான் அழுதாள். திருமூர்த்தி டீ கிளாஸை வாங்கிக் கதிரேசனிடம் நீட்டினார்.

“குடிங் மச்சான்” என்றார். அவ்வளவு பேசுகிற மனுசன்.

திங்கட்கிழமை மோகன்குமார் கூப்பிட்டனுப்பினார். குற்றச்சாட்டை அவரே வாசித்தார்: ‘குடும்ப தினத்தன்று அனுமதியின்றிக் குடும்பத்தை விட்டு வெளியேறி, வேறு குடும்பத்துடன் காணப்பட்டது.’

“இதுக்கு என்ன சொல்றே?”

“காணப்பட்டது நெசமுங்.”

“வருத்தம் தெரிவிச்சா ஏதாச்சும் பார்க்கலாம்.”

“மூஞ்சி டப்பாவுல அழுத மூஞ்சி இருந்தா ஒண்ணு ஒட்டீட்டுப் போயிருப்பேன். நீங்கதான் எடுத்துப்போட்டீங்களே.”

அன்றைக்கே தனிக்குடித்தனம் வைத்தார்கள். வரிசையில் நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார்கள். பீர் முகம்மது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வைண்டிங் செக்‌ஷனில் ஒரு கை கூடத் தட்டவில்லை. நவ்யா மட்டும் தட்டினாள். பாவம், அவள் வேலை அது.

கம்பெனிக்கு அவார்டு கிடைத்தது. எல்லாரும் மச்சான் வீட்டு விருந்துக்கு எழுந்து நின்றபோது திரையில் ஏறிய எண் இருக்கிறதே, அதற்குத்தான். ஃபேன் இன்னும் மாட்டவில்லை. கதிரேசன் இப்போது தினமும் பஸ்ஸில் போய், காங்கேயத்தில் மோட்டார் ரிப்பேர்க் கடையில் கம்பி சுற்றுகிறான். வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. இல்லை என்று பொய் சொல்லுவானேன்.

போன வாரம் தங்கச்சி குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பினாள். கடைக்குப் போகிற அவனும் அதே பஸ்ஸில் ஏறினான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் கிளம்பக் காத்து நின்றது. ரித்திகா அவன் மடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே, தென்னை உயரத்துக்குப் பேனர். பட்டு வேட்டியில் அரங்கசாமி, அவர் மடியில் ஒரு குழந்தை, பின்னால் தட்டுகிற நிலையில் இரண்டு கை. ‘எங்கள் மடியில் எல்லோருக்கும் இடம் உண்டு.’ குழந்தையின் காது இரண்டும் மூளியாக இருந்தது.

ரித்திகா தன் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு பேனரைக் காட்டினாள்.

“அதாரு மாமா?”

கதிரேசன் பேனரைப் பார்த்தான். பஸ் நகர்ந்தது. குழந்தை ஆடாமல் இருக்க மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

“ஆருமில்ல சாமி.”